பக்கத்து வீட்டுப் பதுங்குகுழி

"ஊருக்கெல்லாம் அணுகுண்டு நல்லதுன்னு பேசிட்டு, தனக்கு மட்டும் குழி வெட்டிக்கிறாரு பாரு அந்த மனுஷன்."

டனூட்டா சமையலறை ஜன்னலை விட்டு நகரவே இல்லை. அடுப்பில் பீட்ரூட் சூப் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

"அம்மா, முதல்ல சூப்பைப் பாரு. குழி எங்கயும் ஓடிப் போயிடாது," என்றாள் மகள் இகா, சக்கர நாற்காலியை மேசைப் பக்கம் திருப்பியபடி.

பக்கத்து வீட்டு ஜெனோன் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. மூன்று வாரமாகத் தோட்டத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறார். கேட்டவர்களிடம், உருளைக்கிழங்கும் ஊறுகாய் வெள்ளரிக்காயும் வைக்க நிலவறை என்று சொல்லி வைத்தார். வெள்ளரிக்காய்க்கு எவனாவது இரண்டடிக் கனத்தில் கான்கிரீட் கூரை போடுவானா? ரொட்டிக் கடை முழுக்க இதே பேச்சுத்தான்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஊருக்கு வெளியே இருக்கிற விமானப்படைத் தளம். அமெரிக்காவின் அணுகுண்டுகளை நம் மண்ணில் வைக்கலாமா, கூடாதா என்று போலந்து முழுக்க விவாதம். இந்த ஊர்க்காரர்கள் அத்தோடு விடவில்லை. எங்கள் தளத்திலேயே வையுங்கள் என்று தீர்மானம் போடலாமா என்று போன மாதம் கூட்டம் கூட்டினார்கள்.

முதலில் எழுந்தவர் ஜெனோன்தான். "கிழக்கே இருக்கிறவனுக்கு நம்ம மேல ஒரு பயம் வேணும். குண்டு இங்க இருந்தா எவனும் கிட்டயே வர மாட்டான்," என்றார். கைதட்டல் காதைப் பிளந்தது.

டனூட்டா விடவில்லை. "கிட்ட வர மாட்டான், சரி. தூரத்துல இருந்து குறி வெச்சா? முதல் அடி நமக்குத்தானே? அபாயச் சங்கு ஊதினா நீங்க எல்லாரும் பள்ளிக்கூடத்து நிலவறைக்கு ஓடிடுவீங்க. அங்க பதினாலு படி. என் பொண்ணை நான் ஒருத்தி எப்படி இறக்குவேன்? யாராவது ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா?"

ஜெனோன் மறுபடி எழுந்தார்.

"டனூட்டா மேடம், நீங்க உணர்ச்சிவசப்படறீங்க."

'நீங்க'வாம்! இருபது வருஷத்துக்கு முன்னால், கையோடு கை கோத்து ஆளுக்கொரு கோப்பை வோட்கா குடித்து, இனிமேல் நமக்குள் 'நீ'தான் என்று அந்த ஊர் வழக்கப்படி உறுதி பண்ணிக்கொண்டவர்கள் இரண்டு பேரும். அப்படி 'நீ' ஆனவர்களுக்குள் மறுபடி 'நீங்க' வந்தால், உறவு முறிந்தது என்று அர்த்தம். அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்லிவிட்டாரே என்று டனூட்டாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

தீர்மானம் இரண்டே வாக்கு வித்தியாசத்தில் ஜெனோன் பக்கம் ஜெயித்தது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இப்போது ஆள் வசமாக மாட்டியிருக்கிறாரே, சும்மா விடலாமா? சூப்பை இறக்கி வைத்துவிட்டு வேலியோரம் போய் நின்றாள்.

"என்ன சார், குண்டு இருந்தா எவனும் வர மாட்டான்னீங்க. அப்புறம் இது எதுக்கு?"

"குடை வாங்கினவன் வீட்டுக் கூரையைப் பிரிச்சுடுவானா?" ஜெனோன் மண்வெட்டியை நிறுத்தவில்லை.

"அதானே. ஊருக்குக் குடை, உங்களுக்குக் கூரை."

"வேலையைப் பார்க்க விடுங்க மேடம்."

"பாருங்க, பாருங்க. எத்தனை நாளைக்குப் பார்க்கறீங்கன்னு நானும் பார்க்கறேன்."

அன்றைக்கே கட்டட அலுவலகத்துக்குப் புகார் எழுதினாள், அனுமதி வாங்காமல் பதுங்குகுழி கட்டுகிறார் என்று. தன் பெயரைப் போட்டேதான் எழுதினாள். ஒளிந்துகொண்டு கல்லெறிகிற புத்தி அவளுக்குக் கிடையாது.

"அவர் குழிக்குள்ள அவர் இருந்துட்டுப் போறார். உனக்கென்னம்மா?" என்றாள் இகா.

"எனக்கென்னவா? நாளைக்கு சங்கு ஊதினா அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்குவார். நீயும் நானும் வெளியே நிக்கணும். அந்த வயித்தெரிச்சல்தான்."

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்தார். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை என்று டனூட்டாவையே கூப்பிட்டார். அவளுக்குக் கசக்குமா என்ன? ஓடிப் போய்ப் பிடித்தாள்.

உள்ளே அளந்தார்கள், வெளியே அளந்தார்கள். ஆய்வாளர் தலையைச் சொறிந்தார்.

"ஐயா, அறை அனுமதி தேவைப்படாத அளவுக்குள்ளதான் இருக்கு. வாசல்தான் வில்லங்கம். இத்தனூண்டு அறைக்குப் பன்னிரண்டு மீட்டருக்கு வளைஞ்சு வளைஞ்சு ஒரு சரிவுப் பாதையா? அதைச் சேர்த்தா அளவு மீறுது."

"வெள்ளரிக்காய்க்கு ராஜபாட்டை போட்டிருக்கார்," என்று சிரித்தாள் டனூட்டா.

"ஒண்ணு பண்ணுங்க. இதை மூடிட்டு ஒரு எட்டுப் படி கட்டிடுங்க. அனுமதியே வேணாம், இப்பவே கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

"படி கட்ட மாட்டேன்," என்றார் ஜெனோன்.

"அப்போ இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வரும்."

"வரட்டும். மனு போடறேன், அபராதம் கட்டறேன், நடையா நடக்கறேன். படி மட்டும் கிடையாது."

ஆய்வாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தார். "மனுவுல காரணம்னு ஒண்ணு எழுதணுமே. உங்க வீட்ல யாராவது படி இறங்க முடியாதவங்க இருக்காங்களா?"

ஜெனோன் தொப்பியைக் கழற்றி மண்ணைத் தட்டினார். டனூட்டா பக்கம் திரும்பவே இல்லை.

"எங்க வீட்ல யாரும் இல்லை," என்றார். "பக்கத்து வீட்ல."