சுற்று வழி

“ஏன் சார், உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?”

பஸ் நிலையத்தின் விசாரணை ஜன்னல் முன்னால் நின்ற வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கேட்டவள் ஒரு கல்லூரி மாணவி. அநியாயம் என்று மனசில் பட்டுவிட்டால் போதும், அவள் வாய் சும்மா இருக்காது.

அவள் வந்ததென்னவோ சொந்த வேலையாகத்தான். அடுத்த ஞாயிறு தோழிகள் ஐந்து பேர் வீட்டுக்கு வருகிறார்கள். வீட்டில் இருப்பதோ ஒரே கூடம். அப்பாவும் பாவம், ஓய்வு பெற்றதிலிருந்து எங்கேயும் போனதில்லை. அன்றைக்கு ஒரு நாள் எங்கேயாவது வெளியூர் போய் ஜாலியாகச் சுற்றிவிட்டு வரட்டுமே என்று இடம் விசாரிக்க வந்திருந்தாள்.

அவளுக்கு முன்னால் ஒரு பெரியவரும் அவர் மனைவியும். ஏரிக்கு வழி கேட்டார்கள். ஜன்னலுக்குள் இருந்த விசாரணைக்காரர் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார்:

“எட்டரைக்கு நாலாம் நம்பர். மார்க்கெட்ல இறங்குங்க. பத்தே முக்காலுக்கு ஸ்டேஷன் வண்டி வரும். ஸ்டேஷன்ல மூணு மணிக்கு பாசஞ்சர். நாலரைக்கு ஏரி.”

சீட்டில் ‘டப்’பென்று முத்திரை குத்தி நீட்டினார்.

அங்கேதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைத் தூக்கிக் காட்டினாள்.

“ஏரிக்கு நேர் பஸ் இருக்கு சார். நாப்பதே நிமிஷம்! வயசானவங்களை ஏன் இப்படி மூணு வண்டி மாத்தி அலைக்கழிக்கிறீங்க?”

“உங்க முறை வரும்போது உங்களுக்குச் சொல்றேன். கொஞ்சம் சும்மா இருங்கம்மா.”

“எப்படி சும்மா இருக்கிறது? கேள்வி கேக்க மாட்டாங்கன்னுதானே வாய்க்கு வந்ததை எழுதிக் குடுக்குறீங்க?”

“அதானே!” என்றது வரிசை.

பெரியவர் கூச்சத்தில் நெளிந்தார். “பரவாயில்லம்மா. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

“நீங்க இப்படிப் பொறுத்துப் பொறுத்துப் போறதாலதான் ஐயா இவங்க ஆடுறாங்க!”

அவர் கையிலிருந்த சீட்டை வாங்கி நாலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஏழாவது மேடையில் நேர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. இருவரையும் ஏற்றி உட்கார வைத்தாள்.

“எத்தனை மணிக்குத் திரும்புவோம்மா?” என்று கேட்டார் அந்த அம்மா.

“பதினொண்ணரைக்கு அங்கேருந்து பஸ். பன்னெண்டேகாலுக்கெல்லாம் இங்க வந்திடலாம்!”

“பன்னெண்டேகாலுக்கா?”

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“நல்லா இரும்மா” என்றார் கடைசியில். பஸ் கிளம்பிவிட்டது.

அவள் திரும்பி வந்தபோது வரிசை கரைந்திருந்தது.

“புகார்ப் புத்தகம் குடுங்க சார்.”

அவர் மறுபேச்சில்லாமல் எடுத்து நீட்டினார். பேனாவையும் திறந்து கொடுத்தார். அவள் ஆறு வரி எழுதியதும் சொன்னார்:

“வாரா வாரம் வர்றாங்கம்மா அவங்க.”

“வாரா வாரம் ஏமாத்துறீங்களா?”

“ஞாயித்துக்கிழமை மகனோட சிநேகிதங்க வீட்டுக்கு வருவாங்களாம். கூடத்துல இவங்க உக்காந்திருந்தா அவங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமாம். ‘போய் நல்லா ஊரைச் சுத்திப் பாத்துட்டு வாங்க’ன்னு காலையிலேயே பாசமா அனுப்பி வெச்சிடுவான். சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னாடி படியேற முடியாது.”

பேனா நின்றது.

“முதல்ல இங்கதான் உக்காந்திருந்தாங்க, இதோ, இந்த பெஞ்சுல. பஸ்ஸுக்குக் காத்திருக்காதவங்க உக்காரக் கூடாதுன்னு காவலாளி ஒருநாள் பெரியவரைக் கையைப் பிடிச்சு எழுப்பினான். அத்தனை கூட்டத்துக்கு முன்னாடி. அந்த அம்மா அழுதுட்டாங்க. அன்னைலேர்ந்துதான் இப்படி எழுதிக் குடுக்குறேன். அடுத்த வண்டி நேரம் போட்டு முத்திரை இருந்தா எந்த நிலையத்துலயும் எவனும் எழுப்ப மாட்டான். மார்க்கெட்ல ஃபேன் இருக்கு. ஸ்டேஷன்ல கழிப்பறை இருக்கு. பெரியவருக்கு சர்க்கரை.”

“ஏரியில?”

“ஒரு மரம்கூடக் கிடையாது.”

“பதினொண்ணரை பஸ்ல திரும்பி வந்திடுவாங்கல்ல?”

“வந்து? எங்க உக்காருவாங்க? சீட்டைத்தான் கிழிச்சிட்டீங்களே. வர மாட்டாங்கம்மா. அதை விட்டா அஞ்சு மணிக்குத்தான் அடுத்த வண்டி. அதுவரைக்கும் வெயில்லயே நிப்பாங்க.”

“போன் பண்ணிச் சொல்லலாம் சார்! நம்பர் இருக்கா?”

“போன் ஏது அவங்ககிட்ட?”

அவள் ஏழாவது மேடையைப் பார்த்தாள். காலியாக இருந்தது. குப்பைத் தொட்டியைப் பார்த்தாள். யாரோ அதன்மேல் தேநீர்க் கோப்பையை வீசியிருந்தார்கள்.

எழுதிய ஆறு வரியையும் அடித்தாள்.

“சரி, போனது போச்சு” என்றார் அவர் களைப்பாக. “உங்களுக்கு எங்க போகணும்? அதைச் சொல்லுங்க.”

“எனக்கில்ல சார். எங்கப்பாவுக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை. காலையில போயிட்டு…”



அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. புதுச் சீட்டு ஒன்றைக் கிழித்து, முத்திரையைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்:

“எத்தனை மணி வரைக்கும் அவர் வீட்டுக்கு வரக்கூடாது?”