இரண்டு மாடிகளுக்கு நடுவில்

"ஏம்மா, இன்னைக்கும் உன் கேமரா வேலை செய்யலையா?"

"ஆமா சார்."

"மூணு வாரமாவா?"

"ஆமா சார்."

திரையில் ஐந்து முகங்கள். ஆறாவது இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியின் காலைக் கூட்டம் அது. எந்த மெக்கானிக் எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும் என்று அட்டவணை போடுகிற பெண்தான் அந்தக் கறுப்புக் கட்டம்.

அதைப் பார்க்கப் பார்க்க மேலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டிலிருந்து வேலை என்று ஆன முதல் நாளே அவர் சட்டம் போட்டுவிட்டார்.

"எல்லாரும் கேமராவை ஆன் பண்ணணும். நெட் சரியில்லைன்னு சொல்றவன் சோம்பேறி. என் வீட்டு லைன் குதிரை மாதிரி ஓடுது."

குதிரைதான். ஆனால் நொண்டி. இருப்பதிலேயே மட்டமான பிளானைத் தேடிப் பிடித்தவர் அவர். மோடத்தைப் பீரோ மேல் ஏற்றி, அதற்கு நேர் கீழே குளியலறை முக்காலியைப் போட்டு உட்கார்ந்தால்தான் அது நகரும். பத்து மணியிலிருந்து பத்தரை வரை வீட்டில் யாரும் ஃபோனைத் தொடக் கூடாது.

"மூச்சாவது விடலாமா?" என்று மனைவி கேட்பாள். "இல்ல, அதுவும் உங்க லைனை இழுக்குமா?"

ஆனாலும் அவர் பேசும்போது ஐந்து முகங்களும் அசையாது. கண்கூட இமைக்காது. அப்படி ஒரு கவனம்! முடிவில் "புரிஞ்சுதா?" என்றால், "புரிஞ்சுது சார்!" என்று ஒரே குரலில் பதில் வரும். காதில் தேன் பாயும்.

உடனே கறுப்புக் கட்டம் வாயைத் திறக்கும்.

"சார் சொன்னதைச் சுருக்கமா ஒருதடவை சொல்லிடறேன்..."

முகத்தைக் காட்ட மாட்டாள். பேரை மட்டும் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாள்!

அந்த வாரத்தோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்கலாமா என்று தலைமை அலுவலகம் கேட்டிருந்தது. மேலாளர் எழுதினார்: "வேண்டாம். ஒழுங்கில்லாதவர். ஆதாரத்துக்குக் கூட்டத்தின் வீடியோ பதிவை இணைத்திருக்கிறேன்."

அந்தப் பதிவை முந்தின நாள் மாலை இறக்க ஆரம்பித்திருந்தார். மறுநாள் மதியம்தான் அது வந்து இறங்கியது. கடிதத்தோடு இணைத்து, அனுப்பும் பொத்தானை அமுக்கினார். வட்டம் சுற்றத் தொடங்கியது. நான்கு சதவீதம்.

அது போய்ச் சேருவதற்குள் ஊருக்கே போய் வந்துவிடலாம். சும்மா இருப்பானேன் என்று பதிவை ஓட்டிப் பார்த்தார்.

திரையில் அவரே பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று நின்றார். வாய் பிளந்து, ஒரு கண் பாதி மூடி, தும்மப் போகிறவர்போல அப்படியே உறைந்துபோனார்.

சிரிப்புச் சத்தம் கேட்டது.

"சார் நின்னுட்டார்" என்றார் மூத்த மெக்கானிக். "மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல."

"கையால சுத்தி இறக்கிடலாமாண்ணே?"

"தினம் இதே கூத்துதானா?" புதிதாகச் சேர்ந்தவர் கேட்டார். "ஃபோன் போட்டு அவர்கிட்டயே சொல்லிடலாமே?"

"வேணாம்" என்றது கறுப்புக் கட்டம். "நெட் சரியில்லைன்னு சொல்றவன் சோம்பேறின்னு சொன்ன மனுஷன். அவர்கிட்டயே போய் இதைச் சொன்னா முகம் சுண்டிப் போயிடும். அட்டவணையைப் பார்த்தா அவர் என்ன சொல்ல வந்தார்னு எனக்குத் தெரிஞ்சுடும். கடைசியில நான் சொல்லிடறேன். யாரும் கட்டடம் மாறிப் போயிடாதீங்க."

"அது சரி, நீ ஏம்மா கேமராவை அணைச்சுட்டு தினம் திட்டு வாங்கறே?"

"ஒரு படம் குறைஞ்சா அவர் லைன் கொஞ்சம் ஓடுதுண்ணே. எல்லாரும் அணைச்சா கண்டுபிடிச்சுடுவார். திட்டு வாங்க ஒருத்தி போதும்."

உறைந்தவருக்கு உயிர் வந்தது. "...அதனாலதான் சொல்றேன், ஒழுங்கு முக்கியம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்!"

மேலாளருக்குக் காது சுட்டது. சட்டென்று கடிதம் நினைவுக்கு வந்தது. பார்த்தார். பதினொரு சதவீதம். முக்காலிமேல் ஏறி மோடத்தின் ஒயரைப் பிடுங்கினார்.

கடிதம் பாதி வழியில் நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த நொண்டிக் குதிரைக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டார். காப்பாற்றியது அவள் வேலையையா, தன் மானத்தையா என்று உள்ளே ஒரு கேள்வி எழுந்தது. அதை அவர் ரொம்பத் துருவவில்லை.

பழைய கடிதத்தை அழித்துவிட்டு ஒயரைத் திரும்பச் செருகி, "அவசியம் நீட்டிக்கவும்" என்று ஒற்றை வரி எழுதினார். அது உடனே போய்விட்டது.

மறுநாள் கூட்டத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

"எல்லாரும் கேளுங்க. குதிரை கிதிரையெல்லாம் சும்மா. என் லைன்தான் நொண்டி. சோம்பேறின்னு சொன்னேனே, அது என் வாய்க்கொழுப்பு. மன்னிச்சுக்குங்க. முக்கியமா நீ மன்னிக்கணும்மா. இனிமே யாரும் கேமராவே போட வேண்டாம்..."

மூன்று நிமிஷம் பேசினார். சமையலறையிலிருந்து மனைவிகூட எட்டிப் பார்த்தாள். திரையில் ஐந்து முகங்களும் கண் இமைக்காமல் கேட்டன.

"புரிஞ்சுதா?" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"புரிஞ்சுது சார்!"

கறுப்புக் கட்டம் தொண்டையைச் செருமியது.

"சார் சொன்னதைச் சுருக்கமா ஒருதடவை சொல்லிடறேன். எல்லாரும் கேமராவை ஆன்லயே வெச்சிருக்கணும். ஒழுங்கு முக்கியம்."