கை ஆட்டம்

"ஒரு போனை ஆட்டாமப் பிடிக்கத் தெரியலையா உனக்கு?"

தங்கச்சி போனில் அண்ணனிடம் கூச்சல் போட்டாள்.

"ரெண்டு கையாலயும் பிடிச்சு எடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! அம்மா முகத்தைக் கடைசியாப் பார்க்க எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு வீடியோதான். அதுலயும் முகம் வர்றப்பல்லாம் ஆடித் தொலைக்குது!"

"கை வலிச்சுதும்மா… மன்னிச்சுடு."

"கை வலிச்சுதா? பெத்தவ போய்ச் சேர்ந்துட்டா, உனக்குக் கை வலிக்குதா? அத்தை சொன்னது சரிதான். உன் நெஞ்சுல ஈரமே இல்லை!"

போனை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அவளையும் குற்றம் சொல்ல முடியாது, பாவம். கடல் கடந்து வேலை. நேற்று வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று போய்விட்டாள். கிளம்பலாம் என்றால் புயல் மழையில் விமானமெல்லாம் ரத்து. நேரலையில் பார்க்கலாம் என்றால் அதற்குச் சிக்னல் போதவில்லை. "எனக்காக எல்லாத்தையும் வீடியோ எடுத்து வைண்ணே" என்று அண்ணனிடம்தான் கெஞ்சினாள்.

அதற்குள் அத்தை போனில் வந்து நன்றாகவே ஊதிவிட்டிருந்தாள்.

"அம்மாவைக் கூடத்துல கிடத்தியிருக்கு. வந்தவங்க எல்லாம் கதறுறாங்க. உங்கண்ணன் என்னடான்னா, கல்யாண வீட்டுக்கு வந்த போட்டோக்காரனாட்டம் போனைத் தூக்கிக்கிட்டு நிக்கிறான்! ஒரு விசும்பல் உண்டா? ம்ஹூம்! கல்லுகூடக் கரையும்டி, இவன் கரையலை."

சொந்தக்காரர்கள் அதற்குள் அவனுக்குக் 'கேமராமேன்' என்று பட்டமே கொடுத்துவிட்டார்களாம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

இதில் கொடுமை என்னவென்றால், தங்கச்சியின் ஆராய்ச்சியே வீடியோவின் தரத்தை அளப்பதுதான். எந்தப் படம் மங்கல், எது ஆடுகிறது, எது கட்டம் கட்டமாக உடைகிறது என்று பார்த்து மார்க் போடுகிற வேலை. ஊரார் வீடியோவுக்கெல்லாம் மார்க் போட்டவளுக்கு, சொந்த அம்மாவின் வீடியோ தேறாமல் வந்தால் வயிறு எரியாதா?

மறுநாள் ஆய்வகத்துக்குப் போனதும் நேராக, கூட வேலை பார்க்கிற 'சோடாபுட்டி'யிடம் போய் நின்றாள். கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஆடுகிற படத்தை ஆடாமல் நிறுத்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"இதுல இருக்கிற ஆட்டத்தை எடுத்துக் கொடுங்க. எங்கம்மா முகத்தை ஒரு தடவை ஒழுங்காப் பார்த்துடறேன்."

சோடாபுட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். வீடியோவைத் தன் கணினியில் ஏற்றினார். படம் எங்கெங்கே, எவ்வளவு ஆடுகிறது என்பது திரையில் ஒரு கோடாக ஓடியது.

கோட்டைப் பார்த்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எடுத்தவருக்குக் கை நடுங்குற வியாதி எதுவும் உண்டா?"

"அதெல்லாம் இல்லை. கை வலிச்சுதாம்!" என்றாள் வெடுக்கென்று.

"கை வலிச்சா படம் மெல்ல மெல்லக் கீழே சரியும். இது சரியலையே. நடந்துக்கிட்டே எடுத்தா அடிக்கு அடி ஒரே சீரா ஆடும். அப்படியும் இல்லை. இங்க பாருங்க, வந்தவங்களைக் காட்டுறப்ப கோடு எவ்வளவு நேரா போகுது! உங்கம்மா முகத்துக்கு வந்ததும் விட்டு விட்டுத் தூக்கிப் போடுது."

"அதைத்தான் நானும் சொல்றேன். பிடிக்கத் தெரியலை."

"இல்லைங்க. ஆடுறது கை இல்லை, உடம்பே குலுங்குது. இந்த மனுஷன் சத்தம் வெளிய வராம, மூச்சை அடக்கி அடக்கி அழுதிருக்கார். அடக்க அடக்கத்தான் இப்படித் தூக்கிப் போடும்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அத்தை சொன்னது காதிலேயே நின்றது.

"ஒரு சொட்டுக் கண்ணீர்கூட யாரும் பார்க்கலையாம்."

"போனை முகத்துக்கு நேரா பிடிச்சிருந்தா எப்படித் தெரியும்? இன்னொண்ணு பாருங்க. நடுவுல ஒரு கையை எடுத்திருந்தாலும் கோடு சட்டுனு எகிறியிருக்கும். ஒரு இடத்துலயும் எகிறலை. அவ்வளவு அழுகையிலயும், கண்ணைத் துடைச்சுக்கக்கூட கையை எடுக்கலைங்க அவர்."

ரெண்டு கையாலயும் பிடி என்று சொன்னதே அவள்தானே! நேற்று அண்ணனைக் கேட்ட கேள்வியெல்லாம் இப்போது அவளையே வந்து அறைந்தன. தாயை இழந்தது அவள் மட்டும்தானா? பாவி, அவனையும் பெற்றவள்தானே அம்மா!

சோடாபுட்டி பெருமூச்சு விட்டார்.

"சரி, விடுங்க. ஒரு பட்டனை அமுக்கினா போதும், ஆட்டமெல்லாம் போயிடும். எடுத்துடவா?"

மவுஸைப் பிடுங்காத குறையாக அவர் கையைத் தடுத்தாள்.

"வேண்டாங்க… எங்கண்ணன் அழுததுக்கு இது ஒண்ணுதான் சாட்சி."