வம்சத்தில் யாருமில்லை

“இந்த மாத்திரை பாப்பாவோட மனச்சோர்வைக் குறைக்கும். ஆனா குடும்பத்துல யாருக்காவது தூக்கமே இல்லாம வெறி பிடிச்ச மாதிரி உற்சாகம் வந்திருந்தா, இதுவே அவளையும் அங்க தள்ளிடலாம்” என்றார் டாக்டர்.

“எங்க வம்சத்துல அப்படி யாரும் இல்லைங்க. அப்பாவையே கேளுங்க” என்றான் என் மகன் திருமலை.

பதினொரு வயதுப் பேத்தி தேன்மொழி என் வேட்டி ஓரத்தைப் பிடித்திருந்தாள். அவள் பேசி இரண்டு வாரமாகிறது.

என் தம்பி ஏழு நாள் தூங்காமல் பாடிக்கொண்டே திரிந்து கிணற்றில் குதித்தான். பாம்பு கடித்துச் செத்ததாக ஊருக்குச் சொன்னவன் நான். மகனுக்கும் அதையேதான் சொன்னேன். அப்படி மறைத்ததால்தான் அன்று என் தங்கைகளுக்கு வரன் அமைந்தது.

டாக்டர் சீட்டை இழுத்து எழுதத் தொடங்கினார்.

“எழுதாதீங்க டாக்டர்” என்றேன். “முதல்ல என் மகனைக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லுங்க.”