அம்மா கூப்பிடுகிறாள்

'டை' என்று தட்டினாள்.

அழித்தாள்.

சாவுக்கு ஆங்கிலத்தில் இவ்வளவு சின்னச் சொல்லா என்று கோபம் வந்தது.

கூடத்தில் குளிர்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வாசல் நிலையில் இடித்தது. யாரோ, "பாத்து, பாத்து" என்றார்கள். இனிமேல் என்ன பார்ப்பது. அம்மா விடியும்போதே போய்விட்டாள்.

தம்பி நயினார் நடுக்கடலில் இருக்கிறான். எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை. அங்கே கைபேசிக்கு அனுமதி இல்லை. கம்பெனிக்கு ஆங்கிலத்தில் மெயில் போட வேண்டும். முன்பின் தெரியாத ஓர் அதிகாரி அவனை அழைத்து வாசித்துக் காட்டுவார். மத்தியானம் ஹெலிகாப்டர் கரைக்குக் கிளம்பும். அதைப் பிடித்தால்தான் நாளைக்குக் கொள்ளி வைக்க வந்து சேர்வான்.

"சீரியஸ்னு மட்டும் போடு தாயி," என்றார் சித்தப்பா. "மத்தத அவன் வாசலுக்கு வந்தப்புறம் சொல்லிக்கிடலாம். தனியா வர்ற பய. வழியெல்லாம் கெடந்து தவிப்பான்."

வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். சீரியஸ், உடனே கிளம்பு. தெருமுனையில் பந்தலைப் பார்த்து அவர்களே தெரிந்துகொள்வார்கள்.

சித்தப்பா நல்லதைத்தான் சொன்னார்.

ஆனால் சீரியஸ் மட்டும் போதாது. அம்மா என்ன செய்கிறாள் என்று ஒரு வினைச்சொல் வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சரான அவளுக்கு அதுதான் பிழைப்பு. 'ஸீ' வேறு, 'லுக்' வேறு, 'வாட்ச்' வேறு என்று தொண்டை வறளப் பிரித்துக் காட்டுவாள். தாத்தா எக்ஸ்பயர் ஆகிவிட்டார் என்று யாராவது லீவ் லெட்டர் கொண்டுவந்தால், "மருந்து மாத்திரதாம்லே எக்ஸ்பயர் ஆவும், மனுசன் ஆவமாட்டான்" என்பாள். வகுப்பே சிரிக்கும்.

இப்போது கை அந்தச் சொல்லுக்குத்தான் போனது.

அதையும் அழித்தாள்.

'பாஸ் அவே'. யாரோ வழிப்போக்கர் வீட்டைத் தாண்டிப் போன மாதிரி இருந்தது. அம்மா அப்படியா போனாள்? ஒவ்வொரு மூச்சுக்கும் என்ன பாடு பட்டாள்.

'சிங்க்'. டாக்டர் நேற்றுச் சொன்ன சொல். கடல் நடுவில் நிற்கிறவனிடம் அம்மா மூழ்குகிறாள் என்றா வாசிப்பது.

அழித்தாள்.

சரி, உயிரோடு இருக்கிற அம்மாவுக்கு ஒரு சொல் தேடுவோம் என்று நினைத்தாள். 'ஆஸ்க்', 'வான்ட்', 'கால்'.

'ஆஸ்க்' என்றால் எதையோ கேட்கிற மாதிரி. அம்மா ஒருவரிடமும் ஒன்றும் கேட்டதில்லை. 'வான்ட்' அதைவிட மோசம்.

அம்மாவின் வாயில் ஒரே பேச்சுதான். "நயினாருக்குச் சொல்லாத. வேலையில இருக்கான், பாவம்." வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தபோதும் அதையேதான் சொன்னாள். நேற்று ஆக்ஸிஜன் குழாயை விலக்கிவிட்டுச் சொன்னதும் அதுவேதான். கடைசிவரை அவனைக் கூப்பிட விடவில்லை.

அந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

'கால்' என்று எழுதினாள்.

அம்மா உன்னைக் கூப்பிடுகிறாள். உடனே வா.

ஆங்கிலத்தில் நன்றாகத்தான் இருந்தது. பொய் மாதிரியே தெரியவில்லை. திரும்ப வாசித்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு தடவையாவது அம்மா இப்படிக் கூப்பிட்டிருக்கலாம்.

அனுப்பினாள்.

கூடத்தில் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தார்கள். உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

கொஞ்ச நேரத்தில் ஃபோன் வந்தது. கம்பெனி எண். சித்தப்பா உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அவள் தலையாட்டினாள். பெட்டியின் சத்தம் கேட்காதபடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூக்கை உறிஞ்சி, குரலைச் சரிசெய்துகொண்டாள்.

"நயினாரு, கெளம்பிட்டியாடா?"

அந்தப் பக்கம் காற்று இரைந்தது.

"யக்கா," என்றான். "அம்மா என்னையக் கூப்பிடமாட்டாளே."

அவள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

காற்று இரைந்துகொண்டே இருந்தது. பிறகு அவனே கேட்டான்.

"பெட்டியில வச்சாச்சா?"