சிரிப்பு மறுப்புப் போராட்டம்

காரிமங்கலத்தில், பானுமதியின் தையல்கடையில் மெஷின்கள் நின்றிருக்கின்றன. சுவர் டிவியில் எல்லோருக்கும் பிடித்த சிரிப்பு நாடகம் தொடங்குகிறது. பழைய கதாசிரியரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். அதைக் கண்டித்து, நாடகத்தின் ரசிகர் மன்றத்துக்கு மாவட்டத் தலைவராகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்ட பூவரசன், பிளவுஸ் லைனிங் துணியில் வெட்டிய கறுப்பு பேட்ஜைக் குத்திக்கொண்டு நடு நாற்காலியில் வீற்றிருக்கிறார். டிவி அவர் கொடுத்தது. "யாரும் சிரிக்கக் கூடாதுங்க. இன்னைக்கு நல்லா இல்லன்னா டிவிய வூட்டுக்கு எடுத்துட்டுப் போயிருவேன்." "மூச்சு விடலாங்களா தலைவரே?" என்கிறாள் பட்டன் தைக்கும் ஜாஸ்மின். நாளெல்லாம் ஊசிமுனையையே பார்க்கிற பானுமதிக்குச் சிரிக்கக் கிடைப்பது இந்த அரைமணிதான். திரையில் மாமனார் மருமகளுக்குத் தெரியாமல் கொதிக்கிற போண்டாவை வாயில் போட்டுக்கொள்கிறார். அந்நேரம் பார்த்து அவள் வந்து நலம் விசாரிக்கிறாள். அவர் வாயை இறுக மூடிக்கொள்கிறார். கண் மட்டும் மெல்லப் பெரிதாகிறது; ஒரு சொட்டு நீர் உருண்டு வந்து மீசையில் நிற்கிறது. வசனமே கிடையாது. ஜன்னல் வெயிலில் நூல் துணுக்குகள் மிதக்க, கடையே வாய்பிளந்து அண்ணாந்திருக்கிறது. முதலில் குலுங்குவது கறுப்பு பேட்ஜ்தான். பிறகு தலைவரின் தொப்பை, அப்புறம் நாற்காலி. "என்னங்க தலைவரே, நிறுத்திடட்டுங்களா?" என்று ரிமோட்டை எடுக்கிறாள் பானுமதி. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிய, திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறார் பூவரசன்.