விடியற்கால ஓட்டம்

“நாளையிலேருந்து இந்த ஓட்டம் கீட்டம் எல்லாம் வேண்டாம். கேக்குதா?”

ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த கணவன் நிமிர்ந்து பார்த்தான். மனைவி கையில் ஈரத்துணியோடு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சின்னவன், குட்டி டாய்லெட்டின் கிண்ணத்தை உருவித் தலையில் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு நின்றான். நல்ல வேளை, கழுவி வைத்த கிண்ணம்.

“தொப்பை குறைய வேண்டாமா?” என்றான் கணவன்.

“ரெண்டு மாசமா ஓடுறீங்க. தொப்பை இருந்த இடத்துலேயே இருக்கு.”

“உள்ளுக்குள்ள குறையுது.”

லீவில் வந்திருந்த அவள் தங்கை சிரித்துவிட்டாள். “மாமா, நீங்க ஓடுறீங்களா, இல்ல தொப்பையைக் காத்து வாங்கக் கூட்டிட்டுப் போறீங்களா?”

சிரிக்கிற நிலைமையில் அக்கா இல்லை. மூன்று வயதை நெருங்கும் இரட்டைப் பையன்கள். டயப்பரை விட வைக்க அவள் படும் பாடு அவளுக்குத்தான் தெரியும். ஒருத்தனை உட்கார வைத்தால் இன்னொருத்தன் சோபாவுக்குப் பின்னால் போய்க் கமுக்கமாகக் காரியத்தை முடித்துவிடுவான். முடித்த பிறகு வந்து, “அம்மா, வருது” என்று வேறு சொல்வான்.

அவளுக்கும் உடம்பைக் குறைக்கும் ஆசை இருந்தது. பிரசவத்தில் ஏறின எடை, வந்த விருந்தாளி போகாமல் தங்கிவிட்டது மாதிரி அப்படியே இருந்தது. ஆசைப்பட்டு வாங்கின ஷூ பெட்டியைவிட்டு வெளியே வரவே இல்லை. பிள்ளைகள் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் பொது, ஓட்டம் மட்டும் ஒருத்தருக்கு என்றால் வயிறு எரியாதா?

ஒரே ஆறுதல் பெரியவன். தம்பிக்குச் சில நிமிஷம் முன்னால் பிறந்தவன், ராத்திரியில் படுக்கையை நனைப்பதில் மன்னனாக இருந்தான். இப்போதெல்லாம் தினமும் அவள் எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தால் அவன் விரிப்பு காய்ந்திருக்கிறது. எதிர்வீட்டு டீச்சரிடம் அவள் பெருமையாகச் சொல்லியும் விட்டாள்.

“செல்லம் குடுத்தா வேலைக்கு ஆகாதுங்க. நல்லா ஒரு அதட்டு அதட்டினேன். ஒரே வாரத்துல வழிக்கு வந்துட்டான்.”

டீச்சர் அதைத் தன் மகன் விஷயத்திலும் செய்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள்.

“ராத்திரிப் பிரச்சினையை நான் ஒருத்தியாத் தீர்த்தாச்சு,” என்றாள் மனைவி. “பகல் பிரச்சினையை இனிமே நீங்க பாருங்க. காலையில நான் ஓடப் போறேன்.”

“சாயங்காலம் போயேன். தினமும் நான் பாத்துக்கறேன். விடியற்காலம் மட்டும் எனக்கு விட்டுடு.”

“விடியற்காலத்துல அப்படி என்ன இருக்கு?”

“அப்பதான் காத்து நல்லா இருக்கும்,” என்றான் அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவன் குளிக்கப் போனதும் தங்கை அக்காவைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

“ஓடுறவருக்கு எதுக்குக்கா அவ்ளோ பெரிய பை? சட்டையில வேர்வையையும் காணோம். எனக்கென்னவோ சரியாப் படலை.”

அக்காவுக்கும் படவில்லை.

மறுநாள் வாசல் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டதுமே எழுந்துவிட்டாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி தங்கையிடம் சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து ஷூவை மாட்டினாள். புருஷனைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காவது அது பயன்படட்டும்.

பூங்காவில் ஓடுகிறவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் அவன் இல்லை. மூச்சு வாங்கச் சுற்றி வந்தவள், பின்பக்கம் செடிகளுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாயடியில் அவனைக் கண்டுபிடித்தாள். தனியாகத்தான் இருந்தான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சோப்பு நுரைக்குள் எதையோ கசக்கிக்கொண்டிருந்தான்.

கிட்டே போனாள். கப்பல் படம் போட்ட நீல விரிப்பு. பக்கத்தில் உடற்பயிற்சிக் கம்பியில் குட்டி நிக்கர் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

“இது பெரியவனோட விரிப்பு இல்ல?”

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருதிருவென்று விழித்தான்.

“இதே மாதிரி இன்னொன்னு வாங்கி வச்சிருக்கேன். நீ முழிக்கிறதுக்குள்ள ரப்பர் ஷீட்டைத் துடைச்சு மாத்திடுவேன். பாதி நாள் அவனுக்கே தெரியாது.”

“அப்ப அவன் இன்னும் நனைக்கிறானா?”

“முக்கால்வாசி நாள்.”

டீச்சரிடம் அளந்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அவமானமாக இருந்தது. அது கோபமாகத்தான் வெளியே வந்தது.

“என்கிட்ட சொன்னா என்ன? நான் என்ன ராட்சசியா? என் கண்டிப்புதான் காரணம்னு ஊரெல்லாம் பெருமையடிச்சிட்டு இருக்கேன்!”

அவன் விரிப்பைப் பிழிந்து, உதறி, கம்பியில் போட்டான். சுருக்கத்தை நீவிவிட்டான்.

“அவனை அதட்டினப்ப நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா? ‘இன்னொரு தடவை நனைச்சா, அந்த ஈர விரிப்பைத் தலையில போட்டு வாசல்ல நிக்க வைப்பேன்’னு சொன்னே.”

“அது சும்மா பயமுறுத்தினது. நிஜமாச் செய்வேனா?”

“நீ செய்ய மாட்டே. எங்கப்பா செஞ்சார். என்கூடப் படிச்ச பசங்கள்லாம் அந்த வழியாத்தான் ஸ்கூலுக்குப் போவாங்க. அன்னிக்கு நீ சொல்லும்போது பெரியவன் மூஞ்சியைப் பாத்தேன். மறுநாள்லேருந்துதான் ஓட ஆரம்பிச்சேன்.”